குணசேகரனுக்காக அழுத மருமகள்கள்

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. காலைச் சமையல் முடிந்து பாத்திரம் துலக்குகிற நேரத்தில் அந்தச் செய்தி வீடுகளுக்குள் வந்தது. ‘நடிகர் மாரிமுத்து காலமானார்’ என்றுதான் டிவியின் ஸ்க்ரோலிங்கில் ஓடியது. பக்கத்து வீட்டுக்கும் ஊரில் இருக்கிற அக்காவுக்கும் போனது வேறு மாதிரி: “குணசேகரன் செத்துட்டாராம்.” அப்படிச் சொல்லியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, அநேகமாக ஒவ்வொரு இரவும், “இந்த ஆளு நல்லாயிருப்பானா” என்று அந்த முகத்தைப் பார்த்து வாயாரத் திட்டியவர்கள். அன்று அவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்த ஆண்களும் உண்டு. சீரியல் பார்க்கிற பெண்களுக்குக் கதை எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது நம் ஊரில் படித்தவர்களிடமே வெகுகாலமாக உலவுகிற நம்பிக்கை. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மாரிமுத்து திரையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது யாருக்காவது நுணுக்கமாகத் தெரிந்திருந்தது என்றால், அது அவர்களுக்குத்தான். அசலைக் கூடவே வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு நகலின் தரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘எதிர்நீச்சல்’ தொடர் 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. இயக்கியவர் திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடிய ‘கோலங்கள்’ அவருடையதுதான். எதிர்நீச்சலுக்கு வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா என்ற பெண் எழுத்தாளர் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குணசேகரன் வாயிலிருந்து வந்த அத்தனை ஆணவமும் ஒரு பெண்ணின் காது கேட்டு வைத்திருந்ததுதான்.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. மதுரைப் பக்கம் வசதியான ஒரு குடும்பம். மூத்தவர் ஆதிமுத்து குணசேகரன். தம்பிகள் ஞானசேகரன், கதிர், சக்தி. படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து, வந்ததும் அடுப்படியில் நிறுத்திவிடுவது அந்த வீட்டின் வழக்கம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்று மூன்று பேர் படிப்பை மூட்டை கட்டிவைத்துவிட்டுத் தோசை சுட்டுக்கொண்டிருக்கிற வீட்டுக்கு நான்காவது மருமகளாக ஜனனி வருகிறாள். அப்புறம் நடப்பதெல்லாம் இரவு ஒன்பதரை மணிக் கதை. தங்கை ஆதிரை விரும்பியவனை விட்டுவிட்டு அவளைக் கரிகாலனுக்குக் கட்டிவைப்பது, அப்பத்தா பட்டம்மாள் பெயரில் இருக்கிற 40 சதவீதச் சொத்துக்காக நாயாய்ப் பேயாய் அலைவது என்று குணசேகரன் செய்யாத அட்டகாசம் இல்லை. தொடர் டிஆர்பி பட்டியலின் உச்சிக்குப் போனது. கதாநாயகி ஜனனிதான், ஆனால் ஊர் பேசியது குணசேகரனைப் பற்றி.

அந்த மனிதரை மாரிமுத்து எப்படி உருவாக்கினார் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் மெகா தொடர்களில் வில்லத்தனம் என்றால் அதற்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. முகத்தை மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டுவார்கள், பின்னணியில் இடி இடிக்கும், புருவம் ஏறும். மாரிமுத்துவிடம் இந்தச் சரக்கு எதுவும் கிடையாது. வெள்ளை வேட்டி சட்டையில் கூடத்தில் வந்து உட்காருவார். பெரும்பாலும் எதிரில் நிற்பவரைப் பார்த்துப் பேச மாட்டார். பேச்சு எங்கோ சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். திட்டு மட்டும் சரியாக வந்து சேரும். எடுத்த எடுப்பில் கத்தவும் மாட்டார். முதலில் தன்னைப் பற்றிய ஒரு சலிப்பு, ஊருக்கெல்லாம் உழைத்துத் தேய்ந்துபோன ஒருவருடைய அங்கலாய்ப்பு, நடுவில் ஒரு கேலிச் சிரிப்பு, அதற்குப் பிறகுதான் அதட்டல். அந்த அதட்டல் வருவதற்கு அரை நொடி முன்னால் ஒரு இடைவெளி விடுவார் பாருங்கள், தேர்ந்த மேடை நடிகர்களுக்குத்தான் அது கைகூடும்.

“ஏய்… இந்தாம்மா!” தமிழ்நாடு முழுக்கப் பரவிய அந்த விளியில் வார்த்தைக்குப் பெரிய பங்கில்லை. தேனிக்காரருடைய தொண்டை அது. முதல் பாதியில் ஓர் உறுமல். இரண்டாம் பாதியில், ஏதோ தாட்சண்யத்துக்காக மரியாதை கொடுக்கிற பாவனை. மனைவியிடமும் தம்பி மனைவிகளிடமும் ஒரே நேரத்தில் எரிந்து விழவும் வேண்டும், குடும்பப் பெரியவர் என்ற தோரணையும் குலையக் கூடாது. இந்த இக்கட்டை எத்தனையோ வீட்டில் எத்தனையோ ஆண்கள் தினமும் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாரிமுத்து அதைத் தொண்டையில் கொண்டுவந்தார். தொடர்களில் பல நடிகர்களுக்கு வேறு யாரோ குரல் கொடுப்பார்கள். இவர் தன் குரலைத் தானே கொடுத்தவர். மரணமும் அந்த டப்பிங் அறையில்தான் அவரை வந்து தொட்டது.

பெண்கள் ஏன் அந்த ஆளை ரசித்தார்கள் என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: பயம் அங்கே சிரிப்பாக மாறியது. மாமனாரோ மூத்தாரோ அப்பாவோ கூடத்தில் உட்கார்ந்து இதையே பேசும்போது பதில் சொல்ல முடியாது. டிவியில் பேசும்போது சொல்லலாம். அதுவும், அந்த அப்பாவோ மூத்தாரோ அதே கூடத்தில் உட்கார்ந்து அதே தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் காதுபடவே சொல்லலாம்! யாரைச் சொல்கிறாள் என்று அவரால் கேட்க முடியாது. கேட்டால், “நான் குணசேகரனைச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நந்தினியாக நடித்த ஹரிப்பிரியா அடுப்படியில் நின்றுகொண்டு விடும் நக்கலுக்கு அத்தனை ரசிகைகள் இருந்ததும் இதனால்தான். மாரிமுத்து அளவுக்கு அசலான ஒரு ஆள் எதிரில் இல்லாவிட்டால் அந்த நக்கல் வெறும் பேச்சாகப் போயிருக்கும். தன்னைப் பார்த்துப் பிறர் சிரிக்கும்படி நடிக்க ஒரு பெருந்தன்மை வேண்டும். வில்லன்களில் பலர் தங்களைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்ற கவலையிலேயே நடிக்கிறவர்கள்.

அவருடைய வாழ்க்கைக் கதையை அவரே யூடியூப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். தேனி மாவட்டம் வருசநாடு அருகே பசுமலைத்தேரி. சினிமாக் கனவோடு சென்னைக்கு வந்து, ஹோட்டல் வேலை பார்த்து, கவிஞர் வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்து, பிறகு ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே.சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநர். 2008இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014இல் ‘புலிவால்’ என்று இரண்டு படங்கள் இயக்கினார். இரண்டும் அவரைப் பெரிய இடத்துக்குத் தூக்கிவிடவில்லை. மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ (2011) அவருடைய முகத்தை நமக்குக் காட்டியது. அதன்பின் போலீஸ்காரராக, அப்பாவாக, பெரிய மனிதராக வந்துகொண்டிருந்தார். கடைசிக் காலத்தில் ரஜினியின் ‘ஜெயிலர்’ படத்திலும் இருந்தார். அது வெளியாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, அவர் போய்விட்டார்.

அவருடைய சினிமாவில் எனக்கு முக்கியமானது ‘பரியேறும் பெருமாள்’ (2018). கதாநாயகி ஜோவின் அப்பா. கல்யாண மண்டபத்து அறையில், அவளோடு பழகிய பையனைத் தன் ஆட்கள் படுத்தும் பாட்டுக்கு நடுவே நிற்கிற அப்பா. கடைசிக் காட்சியில் கல்லூரிக்கு வந்து அவனோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசுகிற அப்பா. கெஞ்சுகிற குரல், கூசுகிற கண், விட்டுக்கொடுக்காத சாதி. இவை மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குணசேகரனையும் அந்த அப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருவரும் ஒரே தெருக்காரர்கள் என்று தெரியும். ஒருவர் கத்துகிறார், ஒருவர் கெஞ்சுகிறார். வீட்டுப் பெண் யாரோடு வாழ வேண்டும் என்பதை முடிவுசெய்கிற உரிமை தன்னுடையது என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. சினிமா விமர்சகர்கள் அந்த அப்பாவைப் பற்றி எழுதினார்கள். குணசேகரனைச் ‘சீரியல்’ என்று ஒதுக்கினார்கள். எனக்கு இந்தப் பாகுபாடு புரிவதே இல்லை. இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு பாத்திரத்தைக் கட்டுக்கோப்பாகக் காப்பாற்றுவது கடினம்தான். நூற்றுக்கணக்கான இரவுகள், முந்தின நாள் கையில் வந்த வசனத்தை வைத்துக்கொண்டு, டிராக் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமலே அதே பாத்திரத்தைச் சிதறவிடாமல் காப்பாற்றுவது அதைவிட எளிதா?

வில்லனுக்காக ஊர் அழுவது நம் நாட்டில் புதிதில்லை. ராமானந்த் சாகரின் ‘ராமாயண’த்தில் ராவணனாக வந்த அரவிந்த் திரிவேதி 2021 அக்டோபரில் மறைந்தபோது ராமருக்கு நேர்ந்துகொண்டவர்களும் வருந்தினார்கள். 1987இல் தொடங்கிய அந்தத் தொடரின் புகழோடு 1991இல் குஜராத்தின் சாபர்காண்டா தொகுதியில் நின்று நாடாளுமன்றத்துக்கே போனவர் அவர். ராமராகவும் சீதையாகவும் நடித்தவர்களை மக்கள் கும்பிட்டார்கள் என்பதில் வியப்பில்லை. ராவணனுக்கு வாக்களித்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி ஒளிபரப்பியபோது, சீதையைத் தூக்கிச் செல்லும் காட்சியை முதுமையில் அவர் தன் வீட்டில் பார்த்துக் கைகூப்பும் காணொளி நாடெங்கும் பரவியது. நடிகருக்கே தன் பாத்திரத்தின் மேல் ஒரு கூச்சம். நம்முடைய நம்பியாரும் அந்த வகைதான். திரையில் செய்யாத கொடுமை இல்லை, வெளியே ஆண்டாண்டாகச் சபரிமலைக்கு மாலை போட்ட குருசாமி. ரசிகர்களுக்கு இந்த இரண்டு முகமும் தெரியும். கெட்டவனாக நடிப்பவர் நமக்காக ஒரு வேலையைச் செய்கிறார், நாம் திட்டுவதற்கு முகம் கொடுக்கிறார் என்ற நன்றி அவர்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொள்ள மரணம்தான் வாய்ப்பாக அமைகிறது என்பது வேறு விஷயம்.

மாரிமுத்து மறைந்த நாளில் ஒரு காட்சித் துணுக்கு செல்பேசிகளில் சுற்றியது. குணசேகரன் தன் நெஞ்சு வலியைப் பற்றிப் பேசுகிற, சில காலம் முன்பு ஒளிபரப்பான காட்சி. பார்த்தவர்கள் உறைந்துபோனார்கள். அன்று காலை நடந்ததும் கிட்டத்தட்ட அதுவே. எதிர்நீச்சலுக்கான டப்பிங், உடன் ஞானசேகரனாக நடித்த கமலேஷ். நெஞ்சு வலிப்பதாக உணர்ந்து வெளியே வந்தவர், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வடபழனியில் ஒரு மருத்துவமனைக்குப் போனார் என்று செய்திகள் வந்தன. பிழைக்கவில்லை. அறுபதைத் தொடாத வயது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கையும் பிடிப்பதை நம் ஆண்கள் தைரியம் என்று நினைக்கிறார்கள். யாரையாவது கூப்பிட்டு ‘எனக்கு முடியவில்லை, என்னோடு வா’ என்று சொல்வதற்கு இருக்கிற தயக்கம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று இதயநோய் மருத்துவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்த நெஞ்சு வலிக் காட்சியின் வசனத்தை முன்கூட்டியே வந்த சகுனம் என்று பேசியவர்கள் ஒருபுறம். அதற்குச் சில வாரங்கள் முன் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் சோதிடர்களை எதிர்த்து அவர் காரசாரமாகப் பேசியிருந்தார். அது பெரிதாகப் பரவியிருந்தது. அவருடைய மரணத்தையும் அந்தப் பேச்சையும் முடிச்சுப் போட்டவர்களும் இருந்தார்கள். ஒருவர் இறந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘பார்த்தாயா’ என்று சொல்வதைப் போல் கீழான செயல் வேறில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். இந்தச் சாபக் கதையைச் சீரியல் ரசிகைகள் பெரிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களில் பலர் சோதிடம் பார்ப்பவர்கள்தான். அன்றைக்கு அவர்களுடைய கவலையெல்லாம் அவர் சாப்பிடாமல் ஓடினாரா, சரியாகத் தூங்கினாரா, கூட யாரும் இல்லையா என்பதாக இருந்தது. வீட்டில் ஒருவர் போனால் கேட்கிற கேள்விகள்.

இந்த இடத்தில் அவருடைய புகழின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். “ஏய்… இந்தாம்மா” என்பதை ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். டீக்கடையில், கல்லூரி விடுதியில், வீட்டிலேயே மனைவியைக் கூப்பிட. மீம்ஸ் போட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். பெண்களை மட்டம்தட்டும் ஒரு பெரிய மனிதரை இத்தனை சுவாரசியமாகக் காட்டினால், பார்க்கிறவன் அவரை வெறுப்பானா, பின்பற்றுவானா என்ற சந்தேகம் நியாயமானது. எதிர்நீச்சலில் மருமகள்கள் ஜெயிக்கிற மாதிரி வந்து மறுபடி தோற்பது, அழுவது, மறுபடி எழுவது என்று கதை நீண்டுகொண்டே போனதற்கும் குணசேகரனுடைய கிராக்கிதான் காரணம். அவர் தோற்றுவிட்டால் தொடர் முடிந்துவிடும். ரேட்டிங் கொடுக்கும் ஆளை எந்த சேனல் தோற்கவிடும்? பெண் விடுதலைக் கதை ஒன்று, அதன் எதிரியின் செல்வாக்கினால் உயிர்வாழ்ந்துகொண்டிருந்தது. இது மாரிமுத்துவின் குற்றமில்லை. ஆனால் அவர் மறைவுக்குப் பிறகு எழுந்த புகழுரைகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவது என்ற வழக்கம் அவருடைய நடிப்புக்கு நியாயம் செய்யாது. அந்த நடிப்பின் ஆபத்தும் அதன் சக்தியில் ஒரு பகுதி.

சினிமா நட்சத்திரம் மறைந்தால் துக்கத்துக்கு ஒரு வடிவம் தயாராக இருக்கிறது. ரசிகர் மன்றம் இருக்கிறது, கண்ணீர் அஞ்சலி பேனர் இருக்கிறது, முச்சந்தியில் படம் வைத்து மாலை போட இடம் இருக்கிறது. எல்லாம் ஆண்களுடையவை. தொலைக்காட்சி நடிகருக்கு மன்றம் இல்லை. அவருடைய ரசிகைகள் ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல் தனித்தனிக் கூடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள். மாரிமுத்துவின் விருகம்பாக்கம் வீட்டுக்கு அன்று வந்து நின்ற கூட்டத்தில் அவர்களில் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். மதியம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, சாயங்காலம் தண்ணீர் லாரி, இரவு மாவு அரைக்க வேண்டும் என்ற வேலைகளுக்கு நடுவேதான் அவர்கள் துக்கம் காத்தார்கள். சொல்லப்போனால், துக்கத்துக்கு என்று அவர்களிடம் இருந்த ஒரே நேரம் அந்த ஒன்பதரை மணி அரைமணிதான்.

அந்த அரைமணியில் அவர் இன்னும் இருந்தார். தினசரித் தொடர்களில் சில நாளைக்கான காட்சிகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள். அவர் மறைந்த பிறகும் அவர் நடித்த காட்சிகள் ஒளிபரப்பாயின. பிறகு, கதையில் குணசேகரன் வீட்டில் இல்லாமல் போனார். மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சில நாட்களில் எதிர்நீச்சல், தெரிந்தோ தெரியாமலோ, தமிழ்த் தொலைக்காட்சி அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது என்று நினைக்கிறேன். ஓர் ஆளின் இல்லாமையை அப்படியே விட்டுவைத்தது. பார்த்தவர்களுக்கு அந்த வீட்டில் ஆள் குறைந்தது தெரிந்தது. எதிரி போனதால் அந்த மருமகள்களுக்கு வாய் இல்லாமல் போனதுபோல் இருந்தது.

நீண்ட நாள் அப்படி விட முடியாது என்பது யாருக்கும் தெரியும். ஒரு தொடரை நம்பி லைட்மேன் முதல் சாப்பாடு பரிமாறுகிறவர் வரை எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்ற ஒற்றை வரி கார்டுக்கு நாம் பழகியவர்கள்தான். நடிகை திருமணமாகிப் போனாலும், சம்பளத் தகராறில் விலகினாலும், இறந்தே போனாலும் அதே கார்டு, அதே எழுத்து. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக வந்து வீட்டுப் பெண்ணாகவே ஆகிப்போன சித்ரா 2020 டிசம்பரில் இறந்தபோது, அந்தப் பாத்திரத்துக்கு இன்னொருவர் வந்தார். பிறகு அவரும் போய் மூன்றாவதாக ஒருவர் வந்தார். முல்லை தொடர்ந்து தன் கணவனோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

குணசேகரனாக வந்தவர் வேல ராமமூர்த்தி. ‘குற்றப் பரம்பரை’ எழுதிய எழுத்தாளர், பெருநாழிக்காரர், ‘மதயானைக் கூட்டம்’ முதலாகத் திரையிலும் தெரிந்த முகம். அவர் ஒன்றைச் சரியாகச் செய்தார் என்பது என் கருத்து. மாரிமுத்துவைப் போல் பேச முயலவில்லை. தன்னுடைய கனத்த குரலில், தன்னுடைய முறுக்கோடு, வேறொரு குணசேகரனைக் கொண்டுவந்தார். பயங்கரம் கூடியது. சிரிப்பு குறைந்தது. இந்தக் குணசேகரனைப் பார்த்தால் உண்மையாகவே பயமாக இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்ட ரசிகைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் முடியாது. இறந்தவருடைய நாற்காலியில் உட்கார வருபவரை, உட்காருகிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் குறை சொல்வது எங்கும் உள்ளது. ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு விமர்சனமும் இருந்தது. மாரிமுத்துவின் குணசேகரனிடம் திரும்பிப் பேசலாம் போல் இருந்தது, இவரிடம் முடியாது. இரண்டு நடிகர்களின் பாணிக்கு இடையே உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பத்திரிகை விமர்சனமும் சொல்லிப் பார்த்ததில்லை. தொடர் 2024 ஜூனில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி ஆரம்பித்தார்கள். குணசேகரன் வேல ராமமூர்த்தியேதான், ஜனனியாக நடிப்பவர் மாறிவிட்டார்.

சினிமாவில் இந்தச் சங்கடம் இல்லை. 2024 ஜூலையில் வெளியான ‘இந்தியன் 2’ படத்தில் விவேக், நெடுமுடி வேணு, மாரிமுத்து மூவரும் இருந்தார்கள். மூவருமே அப்போது உயிரோடு இல்லை. படத்துக்குள் அவர்கள் இருந்த இடத்தில் இருக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து ஒருவர் போட்டுப் பார்த்தாலும் இருப்பார்கள். தினசரித் தொடரின் இயல்பு வேறு. அது ஓடிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்படுவது. நேற்றைய பகுதியை இன்றைய பகுதி விழுங்கிவிடும். 1999இல் தொடங்கிய ‘சித்தி’ காலத்தில், அது முடிகிறவரை பல வீடுகளில் விருந்தாளிக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று கேலி பேசினோம். அதில் நடித்த துணை நடிகர்களில் எத்தனை பேருடைய பெயரை இன்று சொல்ல முடியும்? கால் நூற்றாண்டாகத் தமிழ்நாட்டின் மாலைப் பொழுதுகளை நிரப்பிய நடிப்பு அது. சினிமாவைவிட அதிக மணி நேரம், அதிக வீடுகளில் பார்க்கப்பட்டது. அதைப் பற்றி உருப்படியான புத்தகங்கள் எத்தனை இருக்கின்றன?

அரசாங்கமும் இதில் பின்தங்கியே இருக்கிறது. தேசியத் திரைப்பட விருதில் தொலைக்காட்சிக்கு இடமில்லை, பெயரே அப்படி. தமிழ்நாடு அரசுக்குச் சின்னத்திரை விருதுகள் என்று ஒன்று இருக்கிறது. 2009ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகளுக்குரிய விருதுகளை மொத்தமாகச் சேர்த்து 2022 செப்டம்பரில் கலைவாணர் அரங்கில் கொடுத்தார்கள். ‘கோலங்கள்’ முடிந்த ஆண்டின் நடிப்புக்கு ‘எதிர்நீச்சல்’ ஓடிக்கொண்டிருந்த ஆண்டில் விருது! அந்த விழா நடந்த நேரத்தில் மாரிமுத்து ஒவ்வொரு இரவும் அசாத்தியமான ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார். அதற்கான பாராட்டு அவருக்கு டீக்கடையில், விமான நிலையத்தில், சந்தையில் செல்ஃபி எடுத்துக்கொள்ள வந்தவர்களிடமிருந்துதான் கிடைத்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். பல ஆண்டுகள் உதவி இயக்குநர்களின் கூட்டத்தில் பெயர் தெரியாமல் நின்றவருக்கு, தெருவில் போகிற பாட்டி நிறுத்தித் திட்டுவது பெரிய விருதுதான். நமக்கு அது போதுமா என்பது வேறு.

சேனல்கள் தங்கள் பழைய தொடர்களை ஓடிடி தளங்களில் போட்டு வைத்திருக்கின்றன. பகுதி எண் தெரிந்தால் தேடலாம். நடிகர் பெயரைச் சொல்லித் தேடினால் பெரும்பாலும் புரொமோவும் நேர்காணலும் வந்து நிற்கும். அவருடைய நல்ல காட்சிகளை வெட்டி, தேதி போட்டு, யூடியூபில் சேர்த்து வைத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் பெயர் தெரியாத ரசிகர்கள்தான். காப்புரிமை என்று சொல்லி எந்த நாளிலும் அவை நீக்கப்படலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் காட்சித் தொடர்பியல் துறையோ, தரமணியில் இருக்கிற அரசுத் திரைப்பட நிறுவனமோ மனது வைத்தால், சேனல்களிடம் முறையாக அனுமதி வாங்கி, தொலைக்காட்சி நடிப்புக்கென்று ஒரு தொகுப்பைத் தொடங்கலாம். எந்தக் காட்சியை எடுப்பது என்பதற்கு நிபுணர் குழு எல்லாம் வேண்டாம். ஒன்பதரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தவர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கேட்டால் பகுதி பகுதியாகச் சொல்லிவிடுவார்கள். என் பங்குக்கு நான் கேட்பது, அப்பத்தாவின் 40 சதவீதம் கையைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்த பிறகு குணசேகரன் அந்த வீட்டுக்குள் அல்லாடிய வாரங்கள். அதிகாரம் கரையக் கரைய ஓர் ஆண் எப்படியெல்லாம் குழைகிறான், எப்படியெல்லாம் சீறுகிறான், யாரும் பார்க்காதபோது முகத்தை என்ன செய்துகொள்கிறான் என்று நடிப்பு பயிலும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம். அவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல, வசனம் எழுதிய ஸ்ரீவித்யாவையும் வகுப்புக்கு அழைக்கலாம்.